15 இன்ச் ஏத்தத்தை 5 அடியில வச்சா எந்த டிரைவரும் லிப்பைக் காப்பாத்த முடியாது

கிருஷ்ணகிரில ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் வீடு இருக்கற தம்பி ஒருத்தர் கேட்டிருந்தார். பெங்களூர்ல செகண்ட் ஹேண்ட்ல ஆடி டிடி (Audi TT, தரையோட ஒட்டின ஸ்போர்ட்ஸ் கார்) எடுத்திருக்கார், வாழ்த்துகள். வீட்டு போர்ட்டிகோ ரோட்டை விட 15 இன்ச் உசரம், கேட்டுக்கு வெளிய 5 அடிதான் சரிவு, அந்த அஞ்சடிக்குள்ளயே சாக்கடை மேல போட்ட ஸ்லாப்பும் வருது. ஒவ்வொரு தடவ ஏறும்போதும் முன் லிப், அதாவது முன் பம்பரோட அடி விளிம்பு, கர்ர்ருனு உரசுது, மேல ஏறி முடியற நேரத்துல நடு வயித்துல டங்குனு ஒரு சத்தம். ரிவர்ஸ்ல ஏத்தினா சரியாகுமா, கிராஸா ஏத்தினா சரியாகுமா, ஸ்பிரிங்ல ரப்பர் வச்சு காரைத் தூக்கிடலாமான்னு மூணு கேள்வி. கூடவே டேப் வச்சு அளந்தும் குடுத்திருக்கார்: லிப்புக்கும் தரைக்கும் 12 செ.மீ., முன் டயர் தரையைத் தொடற இடத்துல இருந்து லிப் வரைக்கும் 85 செ.மீ., நடு வயிறும் அதே 12 செ.மீ. அளவு குடுத்ததாலதான் இவ்ளோ நீளமா பதில் எழுதறேன், இல்லன்னா மெதுவா ஓட்டுங்கன்னு ஒரு வரில முடிச்சிருப்பேன்.

நான் கட்டட வேலை எடுத்து செய்யற ஆளு, என் மச்சான் ஓசூர்ல டிங்கரிங் பட்டறை வச்சிருக்கான், அதனால சரிவு போடறவன் பக்கமும் தெரியும் அந்த சரிவுல பம்பரைக் குடுத்துட்டு வர்றவங்க பக்கமும் தெரியும். ரெண்டு பக்கமும் பாத்ததுல சொல்றேன் தம்பி, உங்க வீட்டு விஷயத்துல தப்பு உங்க ஓட்டறதுல இல்ல, கார்லயும் இல்ல, வாட்டத்துல இருக்கு. கணக்கு போட்டுப் பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

12ஐ 85ஆல வகுங்க. ஏறக்குறைய ஏழுல ஒண்ணு வரும். அதாவது ஏழு அடி போனா ஒரு அடி ஏறுற சரிவு, டிகிரில சொன்னா 8. உங்க கார் மூக்கு தாங்கறது அவ்ளோதான், அதுக்கு மேல சரிவு இருந்தா சக்கரம் ஏற ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே லிப் போய் சிமெண்ட்டுல முட்டும். இப்ப உங்க வீட்டு சரிவு: 15 இன்ச், 60 இன்ச். நாலுல ஒண்ணு! 14 டிகிரி. 8 டிகிரி தாங்கற காரை 14 டிகிரில ஏத்தறீங்க, உரசாம என்ன பண்ணும்.

இதுல பாதி பேர் மறந்துடறது மேல் முனை. சரிவு முடிஞ்சு போர்ட்டிகோ மட்டம் ஆரம்பிக்கற இடம் கூரை முகடு மாதிரி இருக்கும், முன் சக்கரம் மேல, பின் சக்கரம் கீழ, நடு வயிறு அந்த முகட்டுல உக்காரும். டிடிக்கு ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல ஏறக்குறைய 2.5 மீட்டர், வயித்துக்கு கீழ 12 செ.மீ.ன்னா மொத்தம் 11 டிகிரி திரும்பற வரைக்கும் தட்டாது. இதுவும் காலி காருக்குத்தான். பின்னாடி ஆளும் உக்காந்து, டிக்கில மாங்கா கூடையும் ஏத்திட்டா வயிறு ரெண்டு ரெண்டரை செ.மீ. இறங்கிடும், அப்ப 9 டிகிரி கூட தாங்காது. உங்க முகடு 14. அந்த டங்கு சத்தத்துக்கு அர்த்தம் இதுதான். லிப் சத்தத்தை விட இதைத்தான் நான் சீரியஸா எடுத்துப்பேன், ஏன்னு கடைசிப் பக்கம் சொல்றேன்.

இந்த 15 இன்ச் எப்படி வந்துச்சுன்னு யோசிச்சுப் பாத்தா யாரையும் திட்ட முடியாது. நம்ம ஊர்ல வீடு கட்டறவங்க எல்லாரும் ரோடு ஏறும்னு தெரிஞ்சேதான் கட்டறாங்க. தார் மேல தார் போட்டு போட்டு, அப்பா காலத்துல ரெண்டு படி ஏறிப் போன வீடெல்லாம் இன்னிக்கு ரெண்டு படி இறங்கிப் போற மாதிரி ஆயிடுச்சு, மழை வந்தா தெருத் தண்ணி ஹாலுக்குள்ள. 2021ல அரசாங்கமே பழைய தாரை சுரண்டி எடுத்துட்டுதான் புது ரோடு போடணும்னு உத்தரவு போட்டுச்சு, ஆனா அதை நம்பி அடிமட்டத்தைக் குறைக்க எந்த வீட்டுக்காரரும் தயாரா இல்ல, நானும் குறைக்கச் சொல்ல மாட்டேன். உசரம் இருக்கட்டும். அந்த உசரத்தை எத்தனை அடியில ஏறறோம்ங்கறதுதான் பிரச்சனை. போர்ட்டிகோ முழு மட்டமா டைல்ஸ் போட்டு அழகா இருக்கணும், சரிவு மட்டும் கேட்டுக்கு வெளிய மிச்சம் இருக்கற துண்டு இடத்துல முடியணும், இப்படித்தான் எல்லா வீட்லயும் கேக்கறாங்க. ஸ்கூட்டியும் ஆல்டோவும் ஏறிடும். டிடி ஏறாது.

இனி உங்க மூணு கேள்வி.

ரிவர்ஸ். இதுல பெரிய குழப்பம் இருக்கு, பட்டறைக்கு வர்றவங்க பாதி பேர் ரிவர்ஸ்ல ஏத்துங்க லிப் தப்பிச்சிடும்னுதான் சொல்லுவாங்க. ஒரு அட்டைல காரை வரைஞ்சு வெட்டி, இன்னொரு அட்டைல உங்க சரிவை வெட்டி, மேல நகர்த்திப் பாருங்க. ரிவர்ஸ்ல ஏத்தினாலும் மூக்கு அந்தக் கீழ் மடக்கை, அதாவது ரோடும் சரிவும் சேர்ற இடத்தை, தாண்டித்தான் ஆகணும், வால் மட்டும் முதல்ல தாண்டும், மூக்கு அப்பறம் தாண்டும். சரிவு நீளமா இருந்தா கோணம் அதே கோணம்; உங்களது அஞ்சடிதாங்கறதால கோணம் 9 டிகிரி கிட்ட குறையும், ஆனா அதுவும் 8க்கு மேலதான், லிப் முழுசாத் தப்பிக்காது. இன்னொண்ணும் மாறும், பிரேக்கும் ஆக்சிலேட்டரும் காரை எந்தப் பக்கம் அமுக்குதுங்கறது. மூக்கை முன்னாடி வச்சு இறங்கும்போது நம்மளை அறியாம பிரேக் மேலயே கால் இருக்கும், மூக்கு அப்படியே குனியும், இருக்கற 12 செ.மீ.ல ஒரு ரெண்டு போயிடும். அதுவே ரிவர்ஸ்ல இறங்கும்போது பிரேக் அடிச்சா எடை பின்பக்கம் சாயும், மூக்கு லேசா தூக்கும். பின்னாடி ஒரு பலகை வழி சொல்றேன், அதைப் போட்டா மூக்கு முன்னாடி ஏறும்போது மடக்கு 7 டிகிரிதான், அதனால அப்ப ஊர்ல சொல்றதுக்கு நேர் எதிரா பண்ணுங்க: மூக்கை முன்னாடி விட்டு ஏறுங்க, ரிவர்ஸ்ல இறங்குங்க. ஏறும்போது கீழ் மடக்குக்கு ரெண்டடி முன்னாடியே பிரேக்கை முழுசா விட்டுடணும், ஸ்பிரிங் எழும்பறதுக்கு ஒரு செகண்ட் குடுத்துட்டு, கார் தானா ஊர்ற வேகத்துல போகணும். உங்களது ஆட்டோமேட்டிக் கியர், ஆனா பழைய ஆட்டோமேட்டிக் மாதிரி இல்ல, உள்ள ரெட்டை கிளட்ச். சரிவுல பாதியில நிறுத்தி ஆக்சிலேட்டர் மிதிச்சே பிடிச்சு வச்சுக்கிட்டு இருந்தா கிளட்ச் சூடாகும், நிக்கணும்னா பிரேக்ல நில்லுங்க.

கிராஸ். இது வேலை செய்யும், ஆனா உங்க வீட்ல இல்ல. 45 டிகிரி கிராஸா ஏறினா சரிவு முக்கால் பங்குக்கும் கொஞ்சம் குறைஞ்சிடும், நாலுல ஒண்ணு இருக்கறது அஞ்சரைல ஒண்ணுக்குக் கிட்ட வரும், இன்னமும் ஏழுக்கு எட்டல. கூடவே பம்பரோட மூலை வளைஞ்சு பின்னாடி போயிருக்கறதால மூலைக்கு 85 செ.மீ. கிடையாது, கம்மி, அதுல கொஞ்சம் லாபம் கிடைக்கும், ஒரு சக்கரம் முதல்ல ஏறி அந்த மூலையைத் தூக்கியும் விடும். ஆனா 20 அடித் தெரு, 10 அடி கேட், ரெண்டு பக்கமும் தூண், எதிர் வீட்டுக்காரர் பைக்கு. இதுல 45 டிகிரி எங்க கிடைக்கும்? கொஞ்சம் ஜாஸ்தி திருப்பினாலே சைடு கண்ணாடி தூணுக்குக் கிட்ட வந்துடும். அதோட கிராஸா ஏறும்போது சைடுல இருக்கற ஸ்கர்ட் முகட்டுல உக்காரும், லிப்பைக் காப்பாத்தி ஸ்கர்ட்டைக் குடுத்த கதை ஆயிடும். கிராஸ் டெக்னிக்கை பங்க் வாசலுக்கும் ஸ்பீடு பிரேக்கருக்கும் வச்சுக்குங்க.

ஸ்பிரிங் ரப்பர். வேணாம் தம்பி. சுருளுக்கு நடுவுல வைக்கற அந்த ரப்பர் டோனட் காரை ஒரு செ.மீ. ஒன்றரை செ.மீ. தூக்கும், 12 போய் பதிமூன்றரை ஆகும், 85ஆல வகுத்தா 9 டிகிரி. உங்களுக்கு வேண்டியது 14. கிடைக்கறது ஒரு டிகிரி, குடுக்கறது அந்தக் காரோட மொத்த ஓட்டமும், ஏன்னா சுருள்ல ஒரு சுத்து வேலை செய்யாம பூட்டிடறீங்க. என்.எச். 44ல குருபரப்பள்ளி தாண்டி கொஞ்சம் மிதிச்சுப் போகும்போது அந்த வித்தியாசம் ஸ்டியரிங்ல தெரியும். வெளிநாட்டு கிட் போட்டு ஏர்ல தூக்கறது இன்னொரு வழி, பட்டன் அமுக்கினா மூக்கு எழும்பும். போர்ஷே 911ல கம்பெனியே ஆப்ஷனா குடுக்கறான், முன்பக்கம் சுமார் 4 செ.மீ. தூக்கும். கம்பெனில வந்தா பிரச்சனை இல்ல, வெளிய போட்டா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கு, கம்பெனி குடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. நீங்க எப்படியும் கேஏ நம்பரை டிஎன் 24க்கு மாத்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகணும், அங்க வண்டியைக் குனிஞ்சு பாப்பாங்க. நாளைக்கு இன்சூரன்ஸ் கிளைம் வரும்போதும் பேச வழி இருக்காது.

சரி, என்ன பண்ணலாம். சரிவை உள்ள இழுக்கணும். வெளிய இழுக்க முடியாது, தெரு நகராட்சியோடது, சாக்கடை மேல நீட்டிப் போட்டா தூர் வார வர்றப்ப ஜேசிபி வந்து ஒரே தட்டு, அதை நான் பல தெருவுல பாத்திருக்கேன். உங்க போர்ட்டிகோ 18 அடி நீளம்னு எழுதியிருக்கீங்க. காரு பதினாலு அடிக்கும் கம்மி, நிறுத்தும்போது பின் சக்கரம் மேல் சரிவுல நின்னாலும் பரவாயில்ல. அதனால கேட்டுக்குள்ள 9 அடி வரைக்கும் தரையை உடைச்சு இறக்கிக்கலாம், வெளிய இருக்கற 5 அடியும் சேந்தா மொத்தம் 14 அடி கிடைக்குது.

இந்த 14 அடியையும் ஒரே வாட்டமாப் போட்டா ஏறக்குறைய 11ல ஒண்ணு, அதுவே போதும்தான். ஆனா அதை விட நல்ல வழி மூணு துண்டாப் போடறது. கீழ 4 அடி, அடிக்கு முக்கால் இன்ச் வாட்டம், 3 இன்ச் ஏறிடும். நடுவுல 6 அடி, அடிக்கு ஒன்றரை இன்ச், 9 இன்ச். மேல 4 அடி, திரும்பவும் அடிக்கு முக்கால், 3 இன்ச். கூட்டினா 15. இதுல காரு எந்த இடத்துலயும் நாலு டிகிரிக்கு மேல ஒரே மடக்குல திரும்பாது, நாலு பேர் உக்காந்திருந்தாலும் டிக்கில கூடை இருந்தாலும் லிப்பும் தட்டாது வயிறும் தட்டாது. அது மட்டுமில்ல, இப்பவே கீழ்த் துண்டு சப்பையா இருக்கறதால நாளைக்கு ரோடு ரெண்டு இன்ச் ஏறினாலும் லிப் தட்டாது. மேஸ்திரி கிட்ட டிகிரின்னு பேசாதீங்க, எட்டுல ஒண்ணுன்னும் பேசாதீங்க, அடிக்கு முக்கால், அடிக்கு ஒன்றரை, அடிக்கு முக்கால்னு சொல்லுங்க, நூல் கட்டிடுவார். நூல் கட்டினதுக்கப்பறம் லெவல் டியூப் பிடிச்சு நீங்களே ஒருக்கா பாருங்க. மடக்கு வர்ற நாலு இடத்துலயும் மூலை நிக்காம மட்டப்பலகையால உருட்டி விடச் சொல்லுங்க. வீல் சேர் போற சரிவுக்கு 12ல ஒண்ணுன்னு சொல்லுவாங்க, நம்ம நடுத் துண்டு அதை விட செங்குத்துதான், ஆனாலும் பழைய சரிவை விட மேல், பாட்டிக்கு முட்டி வலி இருந்தா அவங்களுக்கும் இந்த சரிவுல நடக்கறது சுலபமா இருக்கும், வீட்ல பர்மிஷன் வாங்க இந்தக் காரணத்தைச் சொல்லுங்க, காருக்காக டைல்ஸை உடைக்கறேன்னு சொன்னா எந்த அம்மாவும் விட மாட்டாங்க.

உடைக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் கண்டிப்பாப் பாக்கணும். நம்ம பக்கம் முக்கால்வாசி வீட்ல தண்ணி சம்ப் போர்ட்டிகோவுக்கு அடியிலதான் இருக்கு, சில வீட்ல செப்டிக் டேங்கும் அங்கதான். சம்ப் மூடி எங்க இருக்குன்னு பாருங்க, மூடியோட மட்டத்துக்கும் கீழ ஸ்லாப் எவ்ளோ ஆழத்துல இருக்குன்னு பாருங்க. கேட் பக்கமா சம்ப் இருந்தா அங்க 10, 12 இன்ச் இறக்க முடியாது, ஸ்லாப்பே போயிடும். கார்ல ஒரு சம்ப் (இன்ஜின் ஆயில் நிக்கற தொட்டி), போர்ட்டிகோ அடியில ஒரு சம்ப், ஒண்ணைக் காப்பாத்தப் போய் இன்னொண்ணை உடைச்சிடாதீங்க. அதே மாதிரி காம்பவுண்ட் சுவருக்குக் கீழ கேட் வாசல்ல ஒரு பீம் ஓடும், அதை மேஸ்திரி கம்பியோட வெட்டிடுவார், அந்த பீம் ரெண்டு தூணையும் பிடிச்சுக்கிட்டு இருக்கு, வெட்டணும்னா முதல்ல கீழ இறக்கி வேற பீம் கட்டிட்டுதான் வெட்டணும்.

அடுத்தது கேட். உள்பக்கம் தொறக்கற ரெட்டைக் கதவா இருந்தா சரிவு உள்ள வந்ததும் கதவு ஏறி முட்டும், வெளிப்பக்கம் தொறந்தா தெருவுல போறவன் திட்டுவான், அதனால ஸ்லைடிங் கேட்டா மாத்தணும். அப்படி மாத்தும்போது கீழ வைக்கற ஆங்கிள் தண்டவாளம் ஒரு இன்ச் எழும்பி நிக்கும், அதை காங்கிரீட்டுக்குள்ள புதைச்சு வைக்கச் சொல்லுங்க, இல்லன்னா இவ்ளோ செலவு பண்ணி புதுசா ஒரு ஸ்பீடு பிரேக்கர் கட்டின மாதிரி ஆயிடும்.

மேல என்ன போடறதுங்கறதுல நான் ஒரு தப்பு பண்ணினவன், அதையும் சொல்லிடறேன். நம்ம ஊர்ல கிரானைட்டுக்குப் பஞ்சமில்ல, பாலிஷ் பட்டறைல துண்டு ஸ்லாப் சல்லிசா கிடைக்கும். எங்க வீட்டு சரிவுக்கு அப்படி ஒரு கருப்பு ஸ்லாப்பை நானே பளபளன்னு பதிச்சேன், பாக்க கண்ணாடி மாதிரி இருந்துச்சு, நாலு பேர் பாராட்டினாங்க. அந்த வருஷம் ஐப்பசி மழைல மச்சான் ஒரு தாழ்ந்த காரை எடுத்துக்கிட்டு வந்தான். முன் சக்கரம் ரெண்டும் கல்லு மேல ஏறுச்சு, சக்கரம் சுத்துது, வண்டி ஏறல. அவன் இன்னும் கொஞ்சம் மிதிச்சான். வண்டி அப்படியே பக்கவாட்டுல வழுக்கி பின்னாடி வந்து கேட் தூண்ல சாஞ்சுது. இறங்கி வந்து ஒரு வார்த்தை பேசல, செருப்பைக் கழட்டி கால் விரலால அந்தக் கல்லைத் தேய்ச்சுப் பாத்தான், என்னைப் பாத்தான். அடுத்த வாரம் கல்லை எடுத்துட்டேன். கிரானைட்தான் வேணும்னா நெருப்புல சுட்டு சொரசொரப்பாக்கின கல்லு இருக்கு, அதைப் போடுங்க. என்னைக் கேட்டா காங்கிரீட்டே போதும், ஈரமா இருக்கும்போதே துடைப்பத்தால குறுக்கால இழுத்து கோடு போட்டுட்டா பிடிப்பு நல்லா இருக்கும். கோடு ஆழமா வேணாம், மண்ணு அடைஞ்சு பாசி பிடிக்கும். போட்டுட்டு தினமும் தண்ணி ஊத்துங்க, ரெண்டு வாரமாவது காரை ஏத்தாதீங்க, முழு பலம் வர 28 நாள் ஆகும்.

அது வரைக்கும் என்ன பண்றது, வேலை ஆரம்பிக்க நல்ல நாள் பாத்து மேஸ்திரி கிடைச்சு எல்லாம் நடக்க மாசக்கணக்கு ஆகுமே. பலகை. மரக்கடைல ரெண்டு இன்ச் தடிமன், பத்து இன்ச் அகலம், ஆறு அடி நீளத்துல ரெண்டு பலகை வாங்குங்க, முனையோட அடிப்பக்கத்தை நீளமா சீவி, மேல்பக்கம் தரையோட சேர்ற மாதிரி தரச் சொல்லுங்க. பலகையோட ஒரு முனை சரிவு ஆரம்பிக்கறதுக்கு மூணடி முன்னாடி ரோட்டுல இருக்கணும், இன்னொரு முனை சரிவுல மூணடி மேல இருக்கணும், வில்லுல நாண் கட்டின மாதிரி. இப்ப 14 டிகிரி மடக்கு ஒண்ணு, ஏழு டிகிரி மடக்கு ரெண்டா உடைஞ்சிடும், உங்க லிப் தாங்கறது 8, மயிரிழைல தப்பிச்சிடும். நடுவுல, சரியா மடக்குக்கு மேல, ரெண்டரை இன்ச் உசரத்துக்கு ஒரு மரக்கட்டை முட்டுக் குடுங்க, வெறும் பலகை மேல ஏத்தினா படக்குனு போயிடும். செங்கல் வைக்காதீங்க, நொறுங்கும். கிரானைட் ஸ்லாப்பைப் பலகையா யூஸ் பண்ண நினைக்காதீங்க, கல்லு வளையாது, நேரா உடையும், உடைஞ்ச முனை கார் அடியில குத்தும். பலகை அடியில பழைய லாரி டியூபை வெட்டி ஆணி அடிச்சுடுங்க, இல்லன்னா சக்கரம் பலகையைப் பின்னாடி விசிறி அடிக்கும், பின்னாடி யாரும் நிக்கக் கூடாது. மேல் முகட்டுக்கு, போர்ட்டிகோ தரைல முன் சக்கரம் வர்ற இடத்துல இதே மாதிரி ரெண்டு பலகை படுக்கப் போட்டுட்டா வயிறு இன்னும் கொஞ்சம் எழும்பும். கூட வர்றவங்களை ரோட்டுலயே இறக்கி விட்டுடுங்க.

எங்க தட்டுதுன்னு தெரியலைன்னா அம்மா கிட்ட கொஞ்சம் சப்பாத்தி மாவு வாங்கி, எலுமிச்சம்பழம் சைஸ்ல உருட்டி லிப்புக்குக் கீழ மூணு இடம், வயித்துல ரெண்டு இடம் ஒட்டிட்டு ஏத்திப் பாருங்க. நசுங்கின உருண்டைல எவ்ளோ மிச்சம் இருக்கோ அதுதான் உங்க கேப். எங்க உருண்டை முழுசா இருக்கோ அங்க கவலை இல்ல. மச்சான் பட்டறைல இதைத்தான் பண்ணுவான், வீட்டுக்காரம்மா மாவு எங்க போகுதுன்னு கேட்டா மட்டும் மழுப்புவான்.

வீட்டுக்கு வெளிய நான் பாத்த வரைக்கும் தாழ்ந்த கார் வச்சிருக்கறவங்க பயப்படற இடம் வேற, அடி வாங்கற இடம் வேற. தொப்பூர் கணவாய் இறக்கத்துக்குப் பயப்படுவாங்க, ஆனா ஹைவே எவ்ளோ செங்குத்தா இருந்தாலும் வளைவு நீளமா இருக்கும், திடீர் மடக்கு இருக்காது, உங்க லிப்புக்கு அங்க ஒண்ணும் ஆகாது, பிரேக் சூடாகாம பாத்துக்கிட்டாப் போதும். அடி வாங்கறது சர்வீஸ் ரோட்ல இருந்து பங்க்குக்குள்ள திரும்பற இடத்துல, கல்யாண மண்டபம் வாசல்ல, பேஸ்மெண்ட் பார்க்கிங் வாய்ல. மண்டபத்துல வாட்ச்மேன் "வரலாம் வரலாம் வா"ன்னு கை ஆட்டுவார், அவர் பாக்கறது டயரை, லிப்பை இல்ல. கூட வந்தவர்ல ஒருத்தரை இறக்கி, குனிஞ்சு லிப்பை மட்டும் பாருன்னு சொல்லுங்க, வெக்கப்படாதீங்க.

ஸ்பீடு பிரேக்கர்ல முறைப்படி போட்டது உங்களை ஒண்ணும் பண்ணாது. ஐ.ஆர்.சி. (ரோடு போட அளவு வகுக்கற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) அளவுப்படி 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உசரம், 17 மீட்டர் ஆரத்துல வளைவு. உங்க காரோட ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல அந்த வளைவு எழும்பறது 5 செ.மீ. கூட வராது, வயித்துக்கு ஏழு செ.மீ. மிச்சம் இருக்கும். பிரச்சனை, பென்னாகரம் ரோட்ல உள்ள பிரிஞ்சு போனா ஊருக்கு ஊரு அவங்களே கொட்டி வச்சிருக்கற குட்டிச் சுவரு. அகலம் கம்மி, உசரம் ஜாஸ்தி. அங்க கிராஸ்தான் வழி, ஒவ்வொரு சக்கரமா ஏறணும், நேரா ஏறறதை விட வயிறு தட்ட வாய்ப்பு குறையும். ஆனா பின்னாடி லாரி வந்தா நீங்க குறுக்க திரும்பறதை அவன் எதிர்பார்க்க மாட்டான், இண்டிகேட்டர் போட்டு அவனை விட்டுட்டு அப்பறம் தாண்டுங்க.

இப்ப அந்த டங்கு சத்தம். லிப் உரசறது வேற, வயிறு அடிக்கறது வேற. லிப்போட அடிப்பக்கம் கீறினா யாரும் குனிஞ்சு பாக்கப் போறதில்ல, ஒவ்வொரு கீறலுக்கும் பட்டறைக்கு ஓடாதீங்க, சரிவு வேலை முடிஞ்சதும் ஒரே தடவ பெயிண்ட் அடிச்சிடலாம், வேணும்னா அடில ரப்பர் பட்டை ஒட்டிக்கலாம், அது தேஞ்சா மாத்தலாம். வயித்துல அடி பட்டா இறங்கிப் பாக்கணும். இன்ஜினுக்குக் கீழ ஒரு பிளாஸ்டிக் தட்டு மூடி இருக்கும், அதோட கிளிப்பு ரெண்டு மூணு கழண்டு தொங்கினா சிட்டிக்குள்ள தெரியாது, ஹைவேல நூறு போகும்போது காத்து உள்ள புகுந்து மொத்தத் தட்டையும் பிச்சுக்கிட்டுப் போயிடும். அந்தத் தட்டுக்கு மேலதான் ஆயில் சம்ப். ராத்திரி நிறுத்தற இடத்துல ஒரு அட்டையைப் போட்டு வைங்க, காலைல சொட்டு இருந்தா வண்டியை எடுக்காதீங்க. ஓட்டும்போது ஆயில் லைட் சிவப்பா எரிஞ்சா வீடு பக்கத்துலதான்னு ஓட்டிட்டுப் போகக் கூடாது, அந்த இடத்துலயே ஆஃப், டோ வண்டிக்கு போன். ஓசூர் பட்டறைல ரெண்டு இன்ஜின் இந்த "பக்கத்துலதான்"னால போனதைப் பாத்திருக்கேன். நீங்க ஏற்கனவே எத்தனை தடவ தட்டியிருக்கீங்கன்னு எழுதல, அதனால இந்த வாரமே ஒருக்கா லிஃப்ட்ல தூக்கி அடியைப் பாத்துடுங்க.

உங்க சாக்கடை ஸ்லாப் ஓரம் ரோட்டை விட ரெண்டு இன்ச் எழும்பி நிக்குதுன்னு போட்டோவுல தெரியுது, அதை மட்டும் நாளைக்கே உளி வச்சு சரிச்சு விடச் சொல்லுங்க, அதுக்கு நல்ல நாள் தேவையில்ல. சம்ப் மூடி கேட்ல இருந்து எத்தனை அடில இருக்குன்னு அளந்து சொல்லுங்க, கேட் பக்கமா இருந்தா அந்த 9 அடியை வேற மாதிரி பிரிக்கணும், நூல் கட்டற அன்னிக்கு முடிஞ்சா நானே ஒரு எட்டு வந்து பாக்கறேன்.